விடுபட்ட ஏழு மாதம்

எங்கள் அரசு ஊழியர் சங்க வட்டக்கிளைச் செயலாளரை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மணி ஐந்தே முக்கால் ஆகப்போகிறது. அந்த பஸ்ஸை விட்டால் பையன் டியூஷன் வாசலில் நிற்பான். அப்போது பார்த்து, கக்கத்தில் ரெக்சின் பையோடு ஒருவர் என் மேசை முன்னால் வந்து நின்றார். வேறு துறைக்காரர். அவருக்குப் பின்னால், எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்து எட்டு மாதம் முன்பு இறந்துபோன உதவியாளரின் மனைவி.

"அ பிரிவு நீங்கதானேம்மா? இவங்க வீட்டுக்காரரோட சி.பி.எஸ். பணம் என்ன ஆச்சு?" சி.பி.எஸ். என்றால் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கும் பணம்.

"ஃபைல் மேலே போயிருக்கு சார்." அந்த அக்காவிடம் ஏற்கனவே மூன்று முறை சொன்ன பதில்தான்.

"அனுப்பின கடித எண்ணையும் தேதியையும் மட்டும் குடுங்க. மேலே நான் கேட்டுக்கறேன்."

கொடுப்பதற்கு எண் எதுவும் இல்லை. ஃபைல் என் பீரோவில்தான் இருந்தது. கணக்குச் சீட்டில் ஏழு மாதப் பிடித்தம் ஏறவே இல்லை. அதைத் தேடி எடுப்பது பெரிய வேலை என்று, 'அப்புறம்' கட்டில் வைத்திருந்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. "நாளைக்கு லீவுதானே, அலுவலர்கிட்ட சொல்லிட்டு ரிக்கார்டு ரூமைத் திறப்போம்" என்றார். மறுநாள் சனிக்கிழமை. சிவப்புத் துணிக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அவர் தும்மிக்கொண்டே சம்பளப் பட்டியல்களைப் புரட்டி, பில் எண், வவுச்சர் எண், கருவூலத் தேதி என்று பழைய கவர் ஒன்றின் முதுகில் எழுதிக்கொண்டே வந்தார். மதியம் இரண்டு மணிக்கு விஷயம் பிடிபட்டது. சி.பி.எஸ். எண்ணில் 41 என்று இருக்கவேண்டியது 14 என்று இருந்தது. ஏழு மாதமும் அப்படியே. சம்பளத்தில் பிடித்த பணம் இறந்தவர் கணக்கில் சேராமல் எங்கோ நின்றிருக்கிறது.

ஷெட்யூலின் கீழ் மூலையில் பட்டியல் தயாரித்தவரின் இனிஷியல் இருந்தது. என்னுடையது. அந்த வருஷம் பில் சீட் பார்த்தது நான்தான்.

அவரும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீ சாப்பிட்டு வந்து லெட்டரை டைப் பண்ணிடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை கடிதம் போனது. அதன்பிறகும் நாலைந்து மாதம் இழுத்துத்தான் பணம் வந்தது. வாங்கிய கையோடு அந்த அக்கா அலுவலகத்துக்கு வந்து, "இனிமே மாசாமாசம் என்னம்மா வரும்?" என்று கேட்டார். ஒன்றும் வராது என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. 1.4.2003 முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்கு அப்போது அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடிப்பார்கள், அரசு அதே அளவு போடும், வட்டி சேரும். முடிந்தது கணக்கு. பழைய திட்டத்தில் இருந்த குடும்ப ஓய்வூதியம் அப்போது இதில் இல்லை. நானும் 2010இல் சேர்ந்தவள்தான். ஆறு வருஷமாகச் சம்பளச் சீட்டில் பார்த்துக்கொண்டிருந்த சி.பி.எஸ். பிடித்தம் என்ற வரி, அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த மாதம் தமிழ்நாடு அரசு ஊழியர் சங்கத்தில் சந்தா கட்டினேன். "17(பி) வாங்கிட்டு வந்து நிக்காத" என்றார் என் வீட்டுக்காரர். ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு மெமோவைத்தான் அப்படிச் சொல்வோம்.

சங்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் 'தோழர்'. எனக்கு அது நாக்கில் வரவே இல்லை. என் அப்பா வயதுக்காரரான செயலாளரை எப்படி அப்படிக் கூப்பிடுவது? கடைசியில் 'தோழர் சார்' என்று ஆரம்பித்தேன். கிளை முழுக்கச் சிரித்தது, இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் வேலையை விட்டு நீக்கப்பட்ட சுமார் 1,70,000 பேரில் தோழர் சாரும் ஒருவர். உச்ச நீதிமன்றம் வரை போய், நிபந்தனையற்ற மன்னிப்பும் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் நடத்தை விதி 22ஐ மீறமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானோர் திரும்ப வந்தார்கள். "கார்பன் வெச்சு எழுதினேம்மா. ஆபீஸ் காப்பி வீட்ல இருக்கு" என்பார். அவர் 1986இல் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியம் உண்டு. பிறகு எதற்கு இந்த அலைச்சல் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். பெரிய கொள்கை விளக்கம் வரும் என்று நினைத்தேன். "என் பொண்ணு வி.ஏ.ஓ., சி.பி.எஸ்.தான்" என்றார்.

சங்கத்தின் மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. ஆர்ப்பாட்டத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிக்குமேல் பெண்கள். சத்துணவு, அங்கன்வாடி அக்காக்கள் வராவிட்டால் பந்தல் காலி. ஆனால் பெண்களுக்கு மேடையில் கிடைப்பது நன்றியுரை. மூன்று மணி நேரம் எல்லோரும் பேசி முடித்து, கூட்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபிறகு நாற்காலிகளுக்கு நன்றி சொல்வதற்குப் பெயர்தான் நன்றியுரை. இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை, "கோஷம் போடத் தர்றீங்களா, இல்ல நான் கீழேயே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். விடுப்பு விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு, "ரத்து செய்! ரத்து செய்! சி.பி.எஸ்ஸை ரத்து செய்!" என்றேன். முதல் வரியிலேயே குரல் உடைந்துவிட்டது. கீழே இருந்து திரும்பி வந்த சத்தத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019இல் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகும். ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை இறங்கினோம். கைதானவர்கள், மாற்றல், மெமோ என்று ஒவ்வொரு நாளும் ஒரு சேதி. வீட்டுக்கடன் தவணை, பையனின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து. 28ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 30ஆம் தேதி போராட்டமே வாபஸ். கடைசிவரை நின்ற பலருக்கு 17(பி) வந்தது. 2021இல் அந்த நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அறிவிப்பு வரும்வரை, அவர்களில் இரண்டு பேர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குச் சங்கடமாகவே இருந்தது. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அதற்கு அடுத்த கூட்டத்துக்குத் தோழர் சார் போன் பண்ணினார். "பொருளாளர் மாற்றலாகிப் போயிட்டார். கணக்கு எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும்."

மறுக்கத் தோன்றவில்லை. ரசீது புத்தகமும், ஓரம் கிழிந்த ரொக்கப் பதிவேடும், 340 ரூபாய் கையிருப்பும் என்னிடம் வந்தன.

அதோடு இன்னொரு வேலையை நானாகச் சேர்த்துக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை, உறுப்பினர்கள் சி.பி.எஸ். கணக்குச் சீட்டை அச்செடுத்துக் கொண்டுவரவேண்டும். சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்து, மாதம் மாதமாக ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். எண்ணை மட்டும் இரண்டு முறை படிப்பேன். போன தடவை பதினெட்டு பேர் வந்தார்கள். நான்கு பேருக்கு இடையில் மாதம் விடுபட்டிருந்தது. அதில் ஒருவருக்குப் பதினோரு மாதம். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மேடம், ரிட்டயராக நாலு வருஷம் இருக்கே" என்றார்.

சீட்டைத் திருப்பிக் கொடுக்காமல், எந்தெந்த அலுவலகத்தில் எந்த வருஷம் இருந்தார் என்று கேட்டு எழுத ஆரம்பித்தேன்.