சித்தப்பா வச்ச சில்வர் பொட்டு

கார்ல கல்லடி பட்ட எடத்துல டச்சப் பெயின்ட் வச்சு அது அசிங்கமாப் போச்சுன்னா உடனே பெயின்டிங் ஷாப்புக்கு ஓடாதீங்க, பெரும்பாலும் வீட்டுலயே அத எடுத்துட்டு மறுபடி வைக்கலாம். எங்க சித்தப்பா கார்ல பண்ணத அப்படியே எழுதுறேன்.

அவரோடது சில்வர் ஸ்விஃப்ட். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அடிக்கடி போயிட்டு வருவாரு, முன்னாடி ஜல்லி லோடு டிப்பர் போச்சுன்னா தள்ளிப் போகாம அவன் பின்னாடியே ஒட்டிக்கிட்டு போற பழக்கம் வேற, அதனால பானட் முன் ஓரம் பூரா குட்டிக் குட்டியா கல்லடி. கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியும். அதுக்கு கடையில "சில்வர் குடுப்பா"ன்னு கேட்டு ஒரு பாட்டில் வாங்கி, மூடியில இருக்குற பிரஷ்லயே தொட்டுத் தொட்டு சந்தனப் பொட்டு மாதிரி வச்சு விட்டுட்டாரு. இப்ப கேட்டுக்கு வெளிய நின்னாலே தெரியுது. அதோட நிறுத்தியிருந்தா பரவால்ல, மேடா இருக்கேன்னு 400 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் கொறையக் கொறைய சொரசொரப்பு ஜாஸ்தி) போட்டு ஒரு பொட்ட தேச்சிருக்காரு, பொட்டு போகல, சுத்தி இருந்த பளபளப்பு போயிருச்சு.

"யூடியூப்ல அந்தாளு அஞ்சு நிமிஷத்துல பண்ணிட்டான்டா"ங்குறாரு. சித்தி உள்ள இருந்து, "கல்லடியோட இருந்தப்பவே நல்லாத்தான்டா இருந்துச்சு"ன்னு ஒரு வார்த்த. நான் யாரு பக்கமும் பேசல.

அந்த 400 நம்பர் பேப்பர் ஏன் ஆபத்துன்னா, கம்பெனி பெயின்ட்ல தகட்டு மேல துரு புடிக்காம இருக்க ஈ.டி. கோட்னு ஒரு பூச்சு, அதுக்கு மேல பிரைமர்ங்குற அடிப்பூச்சு, அப்புறம் கலர், கடைசியா கண்ணாடி மாதிரி கலரே இல்லாத கிளியர் கோட்னு அடுக்கு அடுக்கா இருக்கும், எல்லாம் சேத்தே 100லருந்து 150 மைக்ரான் வரைக்கும்தான். சாதாரண ஏ4 பேப்பர் ஒண்ணே ஏறக்குறைய 100 மைக்ரான் வரும். அதுல கிளியர் கோட் மட்டும்னு பாத்தா 40, 50 மைக்ரான். பளபளப்பு மொத்தமும் அந்த அரைப் பேப்பர் கனத்துலதான் இருக்கு, அத 400ல தேச்சா என்ன மிஞ்சும் சொல்லுங்க.

சரி, மொதல்ல பொட்ட எடுக்கணும். கம்பெனியில கிளியர் கோட்ட 140 டிகிரி பக்கத்துல சூடு பண்ணி இறுக வச்சிருப்பாங்க, டச்சப் பாட்டில்ல வர்றது பெரும்பாலும் காத்துல சும்மா காயுற பெயின்ட். அதனால தின்னர் (பெயின்ட்ட கரைக்கிற திரவம்) பட்டா புதுசா வச்சது கரையும், பழசு கொஞ்ச நேரம் தாங்கும். இந்த வித்தியாசத்த வச்சுத்தான் வேலையே. ஆனா இது கம்பெனி பெயின்ட்டுக்கு மட்டும். முன்னாடி எங்கயாவது இடிச்சு ரோட்டோரத்துல என்சி பெயின்ட் (இதுவும் காத்துல சும்மா காயுற வகைதான்) அடிச்ச பானட்னா தின்னர் மொத்தத்தையும் தூக்கிரும், அதனால கண்ணுல படாத ஒரு ஓரத்துல லேசா தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு வந்தாலோ மங்குனாலோ அங்கயே நிறுத்திருங்க. பிளாஸ்டிக் பம்பர், ஹெட்லைட் பக்கம் தின்னர் கொண்டே போகாதீங்க.

காத தொடைக்கிற பட்ஸ்ல தின்னர் நனைச்சு பொட்டு மேல மட்டும் வச்சு எடுத்தேன், இளகுனதும் பழைய ஏடிஎம் கார்டுல மெல்லிசு காட்டன் துணிய சுத்தி ஒரே பக்கமா இழுத்தா வந்துருது. கார்டு இல்லாம வெறும் விரலால தேச்சா குழிக்குள்ள போயி விரல் அழுத்தும், கார்டு தட்டையா இருக்குறதால மேடா இருக்குறத மட்டும்தான் எடுக்கும். கலர் சரியா இருந்து மேடு மட்டும்தான் பிரச்சனைன்னா இதோடயே வேல முடிஞ்சிரும், குழிக்குள்ள இருக்குறத விட்டுரலாம். சித்தப்பா வாங்குனது கலரே வேற, கொஞ்சம் கருப்படிச்ச சில்வர், அதனால குழியையும் சுத்தம் பண்ண வேண்டியதாப் போச்சு. பண்ணும்போது ஒரு குழிக்குள்ள துரு. இவரு துரு மேலயே பெயின்ட் வச்சு மூடியிருக்காரு, விட்டிருந்தா உள்ளயே பரவி சுத்தி இருக்குற பெயின்ட்ட தூக்கியிருக்கும். ஊசி முனையால சுரண்டி, பாஸ்பாரிக் ஆசிட் இருக்குற ரஸ்ட் கன்வெர்ட்டர் ஒரு துளி வச்சு, அது கருத்ததும் தொடைச்சு காய விட்டு, மேல ஒரு புள்ளி பிரைமர் வச்சேன்.

கலருக்கு, சில்வர்னு பொதுவா கேக்கக் கூடாது. ஒவ்வொரு கம்பெனி சில்வரும் வேற. பானட்ட தூக்குனா இன்ஜின் பக்கத்துல இருக்குற தகட்டுல கலர் நம்பர் (கலர் கோடு) இருக்கும், மாருதி சில்க்கி சில்வர்னா Z2S. அந்த நம்பர சொல்லி வாங்கணும். சில்வர் மாதிரி மெட்டாலிக் பெயின்ட்ல அலுமினியத் தூள் இருக்கு, அது அடியில படிஞ்சுரும், குலுக்காம எடுத்தா கலரு மாறும். நல்லா குலுக்கினாலும் ஸ்ப்ரே கன்ல அடிச்ச மாதிரி தூள் ஒரே சீரா படுக்காது, வெளிச்சத்துல கொஞ்சம் வேற மாதிரிதான் தெரியும். அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

வெயில்ல நிக்குற காருல வைக்காதீங்க, நம்ம ஊரு வெயிலுக்கு பானட்ல தோசையே சுடலாம், பெயின்ட் பரவுறதுக்குள்ள காஞ்சுரும். நிழல்ல விட்டு, பானட் ஆறுனதும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல குழிய தொடைச்சு மெழுகு எண்ணெய் எல்லாம் போக்கிட்டு, பல் குத்துற குச்சி நுனியில தொட்டு குழி நடுவுல மட்டும் வச்சா அதுவே ஓரம் வரைக்கும் ஓடும். காஞ்சதும் கீழ எறங்கிரும், ஏன்னா தின்னர் ஆவியாப் போயிருதுல்ல, அதனால மறுபடி ஒரு துளி, மறுபடி ஒரு துளி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல முக்கால் மணி நேரமாவது விடணும். இதுதான் சித்தப்பாவுக்கு முடியாது. "போதும்டா, ஒரே தடவையா ஊத்து"ன்னு பக்கத்துலயே நின்னாரு, காப்பி வாங்கிட்டு வாங்க சித்தப்பான்னு அனுப்பி விட்டேன். கலர் மட்டத்துக்கு கொஞ்சம் கீழ நிக்கும்போது நிறுத்திட்டு, மேல கிளியர் வச்சு, மட்டத்துக்கு துளியூண்டு மேல வர்ற மாதிரி விடணும். அப்புறம் ஒரு வாரம் தொடவே கூடாது.

ஒரு வாரம் கழிச்சு 2000 பேப்பர ஒரு சின்ன அழிரப்பர்ல சுத்தி, சோப்புத் தண்ணி விட்டு, அந்த மேட்ட மட்டும் ரெண்டு மூணு இழுப்பு, தொடைச்சுப் பாக்கணும், மறுபடி. அப்புறம் 3000, அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ். 400 போட்ட எடத்தையும் இதே வரிசையில எடுத்தேன். மங்கல் போயிருச்சு, ஆழமான கோடு ரெண்டு மூணு இருக்கு, அத விரட்டிக்கிட்டு போனா கிளியர் கோட்டே தீந்துரும்னு விட்டுட்டேன். பானட் மடிப்புக் கோட்டு மேல பேப்பரே வைக்கல, அங்க கோட்டிங் இன்னும் மெலிசா இருக்கும். மெழுகு போடுறத ஒரு மாசத்துக்கு தள்ளிப் போடச் சொல்லியிருக்கேன்.

பக்கத்து வீட்டு அண்ணன், "பானட்டுக்கு முழுசா பெயின்ட் அடிச்சிருங்க, வேல முடிஞ்சுது"ன்னாரு. எனக்கு அதுல சம்மதமில்ல. வெளியில பெயின்டிங் பூத்துல (பெயின்ட் அடிச்சு காய வைக்கிற அறை) கம்பெனி மாதிரி 140 இல்ல, 60 டிகிரி பக்கத்துலதான் காய வைப்பாங்க, ரப்பர், வயரு எல்லாம் மாட்டுன வண்டிய அதுக்கு மேல சூடு பண்ண முடியாது. போதாக்குறைக்கு சில்வர்ல பானட் மட்டும் அடிச்சா பக்கத்து ஃபென்டரோட (முன் சக்கரத்துக்கு மேல இருக்குற தகடு) கலர் சேராம தனியா நிக்கும், அத மறைக்க ஃபென்டருக்கும் கொஞ்சம் இழுத்து அடிக்கணும். குட்டிக் கல்லடிக்கு இவ்வளவு எதுக்கு? துரு ஏறாம இருந்தாப் போதும், கை நீட்டுற தூரத்துல நின்னா தெரியல, அதுக்கு மேல என்ன வேணும்.

சித்தப்பா இப்ப முட்டி போட்டு பின் பம்பர்ல ஒரு கீறல தடவிப் பாத்துக்கிட்டு இருக்காராம், சித்தி போன் பண்ணுச்சு. மிச்சம் பாட்டில் என் வீட்டு பரண்லதான் இருக்கு, கேட்டா காஞ்சு போச்சுன்னு சொல்லிருவேன்.