கொழிஞ்சாம்பாறையிலிருந்து நேபாளத்துக்கு லாரியில்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தில், வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்குப் பக்கம். 2017-இல் ஜிஎஸ்டி வரும்வரை, தமிழ்நாட்டிலிருந்து வரும் லாரிகள் அங்கே வரிசை கட்டி நிற்கும். கிளீனர் அண்ணன்களிடம் கேட்டு லாரியில் ஏறிப் பழகியது அந்த வரிசையில்தான். எவ்வளவு தூரம், எவ்வளவு காசு என்பதைப் படியில் கால் வைப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். அங்கே கற்ற முதல் பாடம் இது.

2019 பிப்ரவரியில் நானும் மாமா மகனும் நேபாளம் போனோம். இருவருக்கும் பனிமலையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. கையில் காசு குறைவு. பாஸ்போர்ட்டும் கிடையாது. தரைவழியாகப் போகும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

எனக்குச் சிக்கல் அந்த அட்டையிலேயே இருந்தது. என் பெயர் 'தங்க' என்று தொடங்கும். பள்ளிச் சான்றிதழில் ஆங்கில 'ஜி' போட்டிருக்க, வாக்காளர் அட்டையில் மலையாள வழக்கப்படி 'கே' போட்டிருந்தார்கள். கேரளத்துத் தமிழர் பலருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. ஊருக்குள் யாரும் கண்டுகொள்வதில்லை. எல்லையில் ஒருவர் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. படிவம் 8 கொடுத்துத் திருத்திய அட்டை கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் எடுத்தேன். நீங்களும் கிளம்புவதற்குச் சில மாதங்கள் முன்பே உங்கள் அட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது பணம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை அப்போது நேபாளம் தடை செய்திருந்தது. ஏடிஎம்மில் வந்ததெல்லாம் ஐந்நூறும் இரண்டாயிரமும். அம்மா பால் ஊற்றும் சொசைட்டியிலும் மளிகைக் கடையிலும் கேட்டுக் கேட்டு நூறு ரூபாய்த் தாள்களாகச் சேர்த்தோம். இந்திய நூறுக்கு நேபாள ரூபாய் 160 என்பது நிலையான கணக்கு. அதற்குக் குறைத்துத் தருபவர்களிடம் மாற்ற வேண்டாம்.

பாலக்காட்டிலிருந்து ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் நேராக கோரக்பூர் போகிறது. இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாக்பூர் தாண்டியதும் குளிர் தொடங்கியது, போர்வை போதவில்லை.

கோரக்பூரிலிருந்து சுனௌலி எல்லைக்கு பஸ் இருக்கிறது. நாங்கள் பாதி வழி பஸ்ஸிலும் மீதி வழி லாரியிலும் போனோம். எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்பே லாரி வரிசை. அதைப் பார்த்ததும் எனக்கு வேலந்தாவளம் நினைவுக்கு வந்தது. "அப்படியே உட்கார்ந்திருக்கலாமே, தாண்டியதும் இறங்கிக்கொள்ளலாம்" என்றான் மாமா மகன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் சுங்கக் காகிதம், லோடுக் கணக்கு எல்லாம் உண்டு. சரக்கு வண்டியின் கேபினில் வெளியாள் இருந்தால் முதலில் மாட்டுபவர் டிரைவர். நம்மை ஏற்றி உபகாரம் செய்தவரின் பிழைப்பில் கை வைக்கக் கூடாது. வரிசையின் வாலிலேயே இறங்கி, பையைத் தோளில் போட்டு நடந்தோம்.

நடப்பதே எளிது. இந்தியப் பக்கம் சசஸ்திர சீமா பல் என்ற எல்லைக் காவல் படையினர் பையைத் திறந்து பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள். எல்லை நுழைவாயில் வளைவைத் தாண்டினால் நேபாளம். நேபாள நேரப்படி கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளிவைத்தேன். வாசலிலேயே மொய்க்கும் வண்டிக்காரர்களைத் தவிர்த்து இன்னும் கொஞ்சம் நடந்தால், பைரஹவாவுக்கு ஆள் கணக்கில் ஏற்றும் வண்டிகள் கிடைக்கும்.

பைரஹவாவிலிருந்து புட்வல் வரை சமவெளி. புட்வலில் மலை சட்டென்று எழுந்து நிற்கிறது. அங்கிருந்து போக்ரா போகும் சித்தார்த்தா நெடுஞ்சாலையில் லாரிக்காக நின்றோம். ஒரு மணி நேரம் யாரும் நிறுத்தவில்லை. பிறகு அரிசி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று நின்றது. என் அரைகுறை இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தபோது கிளீனர் எட்டிப் பார்த்து, "தமிழா?" என்றார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்தவராம். அந்த மலைப்பாதையில் அவர் பேசிய தமிழ் முழுக்க வேலைத் தமிழ்: சம்பளம், ஓவர்டைம், சாப்பாடு, லீவு. ஊர் ஞாபகம் வந்தால் அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஊட்டிக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வருவாராம். நாங்கள் மலை பார்க்க இவ்வளவு தூரம் வந்திருப்பது அவருக்கு உடனே புரிந்தது.

தான்சேனுக்குப் பிரியும் பர்துங்கில் இறக்கிவிட்டார்கள். பேசியபடி காசை நீட்டினேன். டிரைவர் வாங்கிக்கொண்டார். வாங்கியதில் எனக்கு நிம்மதி.

மறுநாள் விடியலில் தான்சேனுக்கு மேலே உள்ள ஸ்ரீநகர் குன்றில் ஏறினோம். வடக்கே தௌலகிரியும் அன்னபூர்ணாத் தொடரும் வெள்ளையாகத் தெரிந்தன. மாமா மகன் பேசவே இல்லை. என் கடிகாரத்தில் ஏழு மணி. ஊரில் ஆறே முக்கால். அம்மா சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, காலிப் பாத்திரத்தோடு திரும்பிக்கொண்டிருப்பாள்.