அன்றைய தேதியில் என்ன சட்டம்?

2024 ஜூலை 1, திங்கட்கிழமை. நீதிமன்றம் கூடுவதற்கு முன்பே மூத்த வழக்கறிஞர் ஒருவர் எங்கள் நூலகத்துக்கு வந்து, நாற்பது ஆண்டுகளாகத் தாம் புரட்டிய இந்திய தண்டனைச் சட்டப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார். மேலட்டை போய், முதுகில் துணிப்பட்டை ஒட்டி, கொலை எது என்று வரையறுக்கும் 300-ஆம் பிரிவு உள்ள பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன புத்தகம் அது. "இனிமேல் இதற்கு என்ன வேலை? எடைக்குப் போட மனசு வரவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். 1862 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்த, 511 பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டத்தின் இடத்தில், 358 பிரிவுகளோடு பாரதிய நியாய சன்ஹிதா அன்று அமலுக்கு வந்திருந்தது. கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 302 என்பது 103 ஆகிவிட்டது. ஊர்ப்பேச்சில் வசைச்சொல்லாகவே மாறிவிட்ட, மோசடிக்கான 420 என்பது 318-க்குள் போய்விட்டது.

அவர் சலிப்பில் சொன்னாரே தவிர, உண்மை அவருக்குத் தெரியாததல்ல. ஜூன் 30 நள்ளிரவு வரை நடந்த குற்றம் எதுவானாலும் அதைப் பழைய தண்டனைச் சட்டப்படிதான் விசாரிக்க வேண்டும். ஒரு செயல் நடந்த காலத்தில் எந்தச் சட்டம் நடைமுறையில் இருந்ததோ அதன்படியே ஒருவரைக் குற்றவாளியாகக் காண முடியும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(1) உறுப்பு. அந்த வழக்குகளெல்லாம் மேல்முறையீடு, சீராய்வு என்று ஓய்ந்து முடிய இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை நீதிமன்ற வளாகத்தில் ஒரு வாரம் நடமாடிய எவரும் ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே அந்தப் புத்தகத்துக்கு வேலை முடிந்துவிடவில்லை. சட்ட நூலகத்தில் முப்பது ஆண்டுகளாக நான் பார்த்துவரும் வேலையை ஒரே கேள்வியில் அடக்கச் சொன்னால், 'அன்றைய தேதியில் என்ன சட்டம்?' என்பதைத்தான் சொல்வேன். இன்றைய சட்டம் என்ன என்பதை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 1974-இல் என்ன, 1989 மார்ச்சில் என்ன என்று கேட்கும்போதுதான் எங்களைத் தேடி வருகிறார்கள்.

எங்களுடையது ஒரு மாவட்டத் தலைநகரில், நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் நூலகம். நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அவர்களுடைய குமாஸ்தாக்களும்தான் பயன்படுத்துவார்கள். இங்குள்ள பழைய நூல்களில் பாதி, காலமான வக்கீல்களின் வீட்டார் கொடுத்தவை. தாத்தா வக்கீல், அப்பா வக்கீல், பேரன் கணினிப் பொறியாளர் என்று ஆகும்போது, கூடத்துக் கண்ணாடி பீரோவில் இருந்த தீர்ப்புத் தொகுதிகள் மாட்டுவண்டியிலும் பிற்பாடு மினி லாரியிலும் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. முதல் பக்கத்தில் ஊதா மையில் பெயரும் வாங்கிய ஆண்டும் இருக்கும். சிலவற்றில் வீட்டுச் செலவுக் கணக்கும் இருக்கும்.

வடக்குச் சுவர் ஓரமாக ஒரு நடை நடந்தால் சென்னை மாகாணத்தின் நீதித்துறை வரலாறு முழுதும் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். 1801-இல் சென்னையில் சுப்ரீம் கோர்ட் என்ற பெயரிலேயே ஒரு நீதிமன்றம் இயங்கத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மேல்முறையீட்டு மன்றங்களான சதர் அதாலத் நீதிமன்றங்கள் தனியாக இருந்தன. இரண்டையும் நீக்கிவிட்டு 1862-இல் உயர் நீதிமன்றம் வந்தது. இன்று நாம் பார்க்கும் செந்நிறக் கட்டடம் அதற்குக் கிடைத்தது 1892-இல்தான். இந்த வரிசையில் முதலில் நிற்பவை 1836 முதல் 1872 வரையிலான, லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் தீர்ப்புகளைக் கொண்ட மூர் தொகுதிகள். அவற்றை அடுத்து உயர் நீதிமன்றத்தின் தொடக்க காலத் தீர்ப்புகள். அதன்பின் 1876 முதல் வெளிவந்த அரசுத் தொகுப்பான ஐ.எல்.ஆர். (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்) மெட்ராஸ் வரிசை. இந்த வரிசைக்குப் பின்னால் 1875-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டமே உண்டு. அரசின் அதிகாரத்தோடு வெளியான தொகுப்பைத் தவிர வேறு எதிலிருந்தும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பைக் கேட்க எந்த நீதிமன்றமும் கட்டுப்பட்டதல்ல என்று அது கூறியது. ஆனால் அரசுத் தொகுப்பு ஆடி அசைந்து வரும், வழக்கு காத்திருக்காது. 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும், 1914 முதல் வந்த ஏ.ஐ.ஆரும் (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்), 1969 முதல் வந்த எஸ்.சி.சி.யும் (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) அந்த இடைவெளியில் நுழைந்து இடம்பிடித்தன. இன்று எங்கள் அலமாரிகளில் அரசுத் தொகுப்பைவிடத் தனியார் தொகுப்புகளே அதிகம் தேய்ந்திருக்கின்றன.

தேய்வதற்குக் காரணம் குமாஸ்தாக்கள். "சார், ஐயா கோர்ட்டில் நிற்கிறார், சீக்கிரம்" என்று மூச்சிரைக்க ஒருவர் நீட்டும் துண்டுச்சீட்டில் '1950 எஸ்.சி. 27' என்று மட்டும் இருக்கும். அது ஏ.ஐ.ஆரின் 1950 உச்ச நீதிமன்றத் தொகுதி, 27-ஆம் பக்கம் என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும், ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் என்ற தடுப்புக்காவல் வழக்கு அது. தொகுதியை எடுத்துக் கொடுக்க அரை நிமிடம் போதும். எடுத்துக் கொடுப்பது வேலையின் எளிய பாதி. எங்கள் பிரதியில் அந்தத் தீர்ப்பின் முதல் பக்க ஓரத்தில், எனக்கு முன் இருந்த நூலகர் பென்சிலில் 'கூப்பர் 1970, மேனகா 1978 பார்க்க' என்று எழுதி வைத்திருக்கிறார். அடிப்படை உரிமைகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு என்று கோபாலன் வழக்கில் கொண்ட பார்வையை உச்ச நீதிமன்றமே அந்த இரண்டு வழக்குகளில் கைவிட்டுவிட்டது. அந்தக் குறிப்பைப் பார்க்காமல் தீர்ப்பை வாசித்துக் காட்டும் வழக்கறிஞருக்கு எதிர்த்தரப்பு எழுந்து நின்றதும் முகம் சுருங்கிவிடும். தீர்ப்பு அச்சில் இருப்பது வேறு, உயிரோடு இருப்பது வேறு. நூலகத்துப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று பள்ளியில் கற்றவன் நான். இந்த ஒரு நூலகத்தில் மட்டும் பென்சில் கிறுக்கலைச் சொத்தாக மதிக்கிறேன்.

சட்டப் புத்தகங்களுக்கோ பென்சில் போதாது. சட்டம் திருத்தப்படும்போதெல்லாம் புதுப் புத்தகம் வாங்க நிதி கிடையாது. அரசிதழில் வந்த திருத்தத்தைத் தட்டச்சு செய்து, துண்டுகளாக வெட்டி, உரிய பிரிவின் ஓரத்தில் ஒரு விளிம்பை மட்டும் ஒட்டிவிட வேண்டும். 'ஸ்லிப் ஒட்டுவது' என்போம். முழுதாக ஒட்டினால் கீழே உள்ள பழைய வாசகம் மறைந்துவிடும், அதுவும் வேண்டும். மைதாப் பசையில் துத்தம் கலக்காவிட்டால் பூச்சி வரும். சிவில் நடைமுறைச் சட்டப் புத்தகம் ஒன்று, ஸ்லிப் மேல் ஸ்லிப்பாகி, மூட முடியாமல் விசிறிபோல் விரிந்தே கிடந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அந்தப் புத்தகத்தில்தான் நான் என் பெரிய தவற்றைச் செய்தேன். 1999-இல் சிவில் நடைமுறைச் சட்டத்துக்கு ஒரு பெரிய திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. பிரதிவாதி, சம்மன் தம் கைக்குக் கிடைத்து முப்பது நாட்களுக்குள் எதிருரை, அதாவது வழக்குக்குத் தம் எழுத்துப்பூர்வ பதிலை, தாக்கல் செய்ய வேண்டும் என்பது அதிலிருந்த விதிகளில் ஒன்று. அரசிதழ் வந்ததும் சுறுசுறுப்பாக எல்லா ஸ்லிப்களையும் தட்டச்சு செய்து இரண்டே நாளில் ஒட்டி முடித்தேன். அதில் ஒரு பெருமிதம்கூட இருந்தது. சில மாதங்கள் கழித்து இளம் வழக்கறிஞர் ஒருவர், என் ஸ்லிப்பைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போய், எதிர்த்தரப்பின் எதிருரை காலம் கடந்தது, ஏற்கக் கூடாது என்று வாதாடியிருக்கிறார். நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "இது எந்தத் தேதியில் அமலுக்கு வந்தது?" வந்திருக்கவில்லை. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டது, அரசிதழில் வெளியாகிவிட்டது. ஆனால் மத்திய அரசு அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும் என்று அதன் முதல் பிரிவிலேயே இருந்தது. வழக்கறிஞர்களின் கடும் எதிர்ப்பால் அந்தத் தேதி தள்ளிக்கொண்டே போய், 2002-இல் இன்னொரு திருத்தச் சட்டமும் சேர்ந்து, இரண்டும் ஒன்றாக 2002 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. அதற்குள் முப்பது நாள் என்பதோடு, காரணம் காட்டினால் தொண்ணூறு நாள் வரை என்பதும் சேர்ந்துவிட்டது.

அந்த இளைஞர் மதிய இடைவேளையில் வந்து என் எதிரே நின்றார். திட்டவில்லை. "சார், நீங்கள் ஒட்டியிருந்தீர்களே" என்று மட்டும் சொன்னார். முதல் பிரிவைப் படிக்காதது அவருடைய குறைதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் நம்பியது என் கையெழுத்தையல்லவா? அன்று மாலை உட்கார்ந்து நாற்பத்துச் சொச்சம் ஸ்லிப்களின் மேலும் சிவப்பு மையில் 'அமலுக்கு வரவில்லை' என்று எழுதினேன். அதிலிருந்து எந்த ஸ்லிப்பிலும் இரண்டு தேதிகளைக் குறித்துவிடுவேன்: இயற்றப்பட்ட நாள், அமலுக்கு வந்த நாள். இரண்டாவது தெரியாவிட்டால் அந்த இடம் வெற்றாகவே இருக்கும். அந்த வெற்றிடத்தைப் பார்த்து இரண்டு பேராவது பின்னாளில் சுதாரித்திருக்கிறார்கள்.

வழக்கு நடத்தும் பொதுமக்களுக்கு எங்கள் நூலகத்தில் இடமில்லை. எழுதி ஒட்டப்படாத விதி அது. இருந்தும் வருவார்கள். ஒருமுறை ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், வக்கீல் வர நேரமாகும் என்று வராந்தாவில் காத்திருந்தவர், உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயா, பொம்பளைப் புள்ளைக்கும் சொத்தில் பங்கு உண்டுன்னு சட்டம் இருக்காமே, அது இங்கே இருக்குங்களா?" என்று கேட்டார். இருக்கிறது, ஒன்றல்ல, பல இருக்கின்றன. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் ஒன்று. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு கொண்டுவந்து 1989 மார்ச் 25 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னொன்று. அந்த நாளுக்கு முன் திருமணமாகிவிட்ட மகளுக்கு அது பொருந்தாது. அந்தப் பாகுபாட்டை வைக்காமல் நாடு முழுவதற்கும் 2005 செப்டம்பர் 9 அன்று வந்த மத்தியத் திருத்தம் மற்றொன்று. அப்பா அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சச்சரவு ஓடிக்கொண்டே இருந்து, வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் தீர்ந்தது. இந்த அம்மா வந்தது அதற்கு முன்பு.

"உங்களுக்குக் கல்யாணம் எப்போது ஆனது, அப்பா எப்போது காலமானார், பாகப்பத்திரம் ஏதும் பதிவாகியிருக்கிறதா?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த வாய்ப்பேச்சு ஆலோசனையாகிவிடும். ஆலோசனை சொல்வது வக்கீலின் வேலை. நாங்கள் புத்தகத்தைக் காட்டலாம், பொருள் சொல்லக் கூடாது. ஆனால் தமிழில் எழுதப் படிக்க மட்டுமே தெரிந்த ஒருவருக்கு ஆங்கிலச் சட்டப் புத்தகத்தை விரித்துக் காட்டுவது எந்த வகை உதவி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைசியில் ஒரு துண்டுத்தாளில் '25-3-1989', '9-9-2005' என்ற இரண்டு தேதிகளை மட்டும் எழுதி, "அம்மா, வக்கீலய்யா வந்ததும் இந்த ரெண்டு தேதியைக் காட்டி, எனக்கு எது பொருந்தும்னு கேளுங்க" என்று கொடுத்தேன். விதியை மீறினேனா இல்லையா என்பது வாதத்துக்குரியது. அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவரவில்லை. எங்களுக்குப் பெரும்பாலும் தெரியவராது.

இப்போது தீர்ப்புகள் எல்லாம் கணினியில் கிடைக்கின்றன. உச்ச நீதிமன்றம் தன் அதிகாரபூர்வ தொகுப்பையே 2023 முதல் இணையத்தில் இலவசமாகத் தந்துவிட்டது; துண்டுச்சீட்டோடு ஓடிவரும் குமாஸ்தாக்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை. மூன்றாவது தட்டில் ஏணி போட்டு எடுத்த தொகுதியில் வேண்டிய பக்கத்தை மட்டும் யாரோ பிளேடால் வெட்டிக்கொண்டு போயிருப்பதைக் கண்டவனுக்குத்தான் திரையில் தீர்ப்பு முழுதாகத் தெரிவதன் அருமை புரியும். ஆனால் சட்ட வாசகத்தைத் தேடினால் திரை இன்றைய வாசகத்தைத்தான் முதலில் நீட்டுகிறது. வாடகைக் கட்டுப்பாட்டு வழக்கு ஒன்றில் இது சிக்கலானது. அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ராஸ் என்ற பெயரோடு பிறந்து, 1969-இல் மாநிலத்தின் பெயர் மாறியதும் தமிழ்நாடு என்று பெயர் மாறி, 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் அமலுக்கு வந்ததும் நீங்கிவிட்டது. அதற்கு முன் தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. எழுபதுகளில் ஒரு பிரிவு எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு ஜூனியர் இரண்டு நாள் மடிக்கணினியோடு போராடிவிட்டு வந்தார். முதுகில் இன்னும் 'மெட்ராஸ்' என்றே பொன்னெழுத்து உள்ள புத்தகத்தை எடுத்து, ஸ்லிப்பைத் தூக்கிக் கீழே இருந்த வரியைக் காட்டினேன். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

மூத்த வழக்கறிஞர் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டத்தை அன்றைக்கே சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றினேன். எண், தேதி, நன்கொடை என்ற குறிப்பு, நூலக முத்திரை. பதிவேட்டின் கடைசிக் கட்டத்துக்கு 'நீக்கிய நாள்' என்று தலைப்பு. முதல் பக்கத்தில் பென்சிலால், '30-6-2024 வரை நடந்தவற்றுக்கு' என்று எழுதி, தண்டனைச் சட்ட வரிசையிலேயே வைத்தேன். வியாழக்கிழமை அவருடைய ஜூனியர் வந்து, 2021-இல் நடந்த ஒரு கொலை வழக்கில் வாதம் இருக்கிறது, ஐயா தம் பழைய புத்தகத்தையே கேட்கிறார், அதில்தான் அவருடைய குறிப்புகள் இருக்கின்றன என்றார். இரவல் பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினேன்.