எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு

கோடை விடுமுறை நெருங்கினாலே எங்கள் தெருவில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும்: "அக்கா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்?" பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருப்பதால் என்னைக் கேட்கிறார்கள். நடந்து போகும் தொலைவில் மூன்று பள்ளிகள் உள்ளன. என் மகன் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, பெரிய சாலைக்கு அப்பால் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பிறகு அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்று. மூன்றுக்குள்ளும் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலானோர் சுவர் ஓவியத்தையும் தொடுதிரைப் பலகையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த கேள்வி ஆங்கில வழி உண்டா என்பது. ஐந்து வகுப்புகளுக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று யாருமே கேட்பதில்லை. எனக்கோ அதுதான் முதல் கேள்வி.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கான ஆசிரியர் கணக்கு இருக்கிறது. 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, அதற்கு மேல் 200 வரை ஐந்து. வகுப்புக்கு ஒருவர் என்ற பேச்சே இல்லை, எல்லாம் தலைக்கணக்குதான். எங்கள் பள்ளியில் 57 குழந்தைகள். ஆகவே இரண்டு ஆசிரியைகள், அதில் ஒருவர் தலைமை ஆசிரியை. எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம், கூட்டம், பயிற்சி என்று அவர் போகும் நாளில் ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில். அன்று பாடம் நடந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இருவரும் இருக்கும் நாள் வேறு மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஓர் அறையில். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்க அரசு நடத்தும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை வகுப்பாகப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையாகப் பிரிக்கிறார்கள். அதனால் கலந்து உட்கார்வது நினைப்பது போல் அவ்வளவு பாதகமில்லை. சுவரில் குழந்தைகளின் உயரத்துக்கே தாழ்வாகக் கரும்பலகை பூசியிருக்கிறது. அதில் ஒரு சிறுமி 'ண'வுக்குச் சுழி போதாமல் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள். ஆசிரியை குறுக்கிடவே இல்லை. மூன்றாம் முறை அவளாகவே சரியாக எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் ஆசிரியை தலையசைத்தார். எனக்கு அந்தப் பள்ளியைப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம்.

நடுநிலைப் பள்ளியில் தொடக்க வகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். எட்டாம் வகுப்பு வரை இடம் மாற வேண்டியதில்லை என்பதும் பெரிய வசதி. ஆனால் நான் போன சாதாரண வேலை நாளில் நான்காம் வகுப்புப் பலகையில் பதிவு 31, வருகை 19 என்று எழுதியிருந்தது. மற்ற 12 பேர் எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை வராவிட்டால் முதல் இடைவேளைக்குள் அம்மாவுக்கு போன் வந்துவிடும். எல்லா முகமும் தெரிந்த சின்னப் பள்ளியில்தான் இது நடக்கும்.

வாசிப்பில் மூன்றாவது பள்ளியை அடிக்க ஆளில்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் புத்தகத்தைக் கொடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்வது என் வழக்கம். முதல் பாடத்தைக் கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். அந்தப் பள்ளியில் கேட்ட குழந்தைகள் எல்லோரும் தடுமாறாமல் படித்தார்கள். பிறகு ஏன் அங்கே சேர்க்கத் தயங்குகிறார்கள்? உதவி பெறும் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு போய்விடும் என்ற பயம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கே அது உண்டு என்பது சரி. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்பு வரை உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு வந்தால் எதுவும் குறையாது. காலை உணவும் 2024 ஜூலையிலிருந்து ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் கொடுக்கிறார்கள்.

கழிப்பறையை மூன்று இடத்திலும் பார்த்தேன். தண்ணீர் வரும் நாளில் மூன்றும் பரவாயில்லை.

என் பதில் பிள்ளையைப் பொறுத்து மாறும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, அல்லது வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை என்றால் எங்கள் பள்ளி. வீட்டில் அண்ணன் அக்கா துணைக்கு இருந்து, சாலையைக் கடக்கவும் ஆள் இருந்தால் நடுநிலைப் பள்ளி. தமிழ் வாசிப்பில் பிடிப்பு வேண்டும் என்றால் உதவி பெறும் பள்ளி. எங்கே சேர்த்தாலும் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. தலைமை ஆசிரியரின் தயவில் கிடைத்த நாற்காலி அல்ல அது.

எங்கள் பள்ளியைப் பற்றி ஒன்று வெளிப்படையாகவே கேட்கிறேன். ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்த ஆண்டு 11 பேர் வெளியேறுகிறார்கள். 15 பேர் புதிதாகச் சேர்ந்தால் 61 ஆகும், மூன்றாவது ஆசிரியரைக் கேட்க நமக்கு உரிமை வரும். இதுவரை 9 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வயது நிறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால், முடிவெடுக்கும் முன் ஒரு காலை வேளை வந்து அந்தத் தாழ்வான பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தலைமை ஆசிரியையிடம் நான் சொல்லி வைக்கிறேன்.