'அருமை' என்று எழுதுவதற்கு முன்

மார்ச் 2

இயற்கைப் படம் எதைக் கண்டாலும் 'அருமை' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும் வழக்கத்தைச் சில நாட்களுக்காவது நிறுத்திவைக்கலாம் என்று தோன்றியது. அரியது, எளிதில் கைகூடாதது என்னும் பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு என்பதை மறந்தே அதைச் செலவழித்து வந்திருக்கிறேன். இனி எந்தப் படத்தைப் பார்த்தாலும், எடுத்தவர் எங்கே நின்றார் என்று முதலில் கேட்டுக்கொள்வதென முடிவு செய்திருக்கிறேன்.

தொடக்கமாக வில்சன் பென்ட்லி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயியான இவர், 1885 ஜனவரியில், தமது 19ஆம் வயதில், நுண்ணோக்கியைக் கேமராவுடன் பொருத்தி ஒற்றைப் பனித்துகளைப் படமெடுத்தார். கரிய பலகையில் வந்து விழும் துகளை மெல்லிய குச்சியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லுக்கு மாற்றி, இறகால் தடவிப் படியவைத்து, அது மறைவதற்குள் எடுத்தாக வேண்டும். மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும். 1931இல் இறப்பதற்குள் 5,000க்கும் மேற்பட்ட துகள்களை இப்படிப் பதிவு செய்திருந்தார். அவர் நின்ற இடம் குளிர் உறைந்த ஒரு கொட்டகை.

மார்ச் 5

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் எடுத்த நிலவுப் படத்தை இன்று நெடுநேரம் பார்த்தேன். கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில் விழுந்திருக்க, காரை நிறுத்தி, அதன் மேல் அமைத்திருந்த மேடையில் பெரிய கேமராவை நிறுவினார். ஒளியின் அளவைக் காட்டும் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது நினைவில் இருந்ததால் அதைக்கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதற்கு ஆயத்தமாவதற்குள் வெயில் போய்விட்டது.

எடுத்த ஆண்டே அவருக்குச் சரியாக நினைவில்லாமல் போயிற்று. பிற்பாடு வானியல் ஆர்வலர் ஒருவர் படத்தில் நிலவு இருக்கும் நிலையைக் கணக்கிட்டு, கேமரா நின்ற இடத்தையும், 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்ற நேரத்தையும் கண்டறிந்தார். என் கேள்வியை எனக்கு முன்பே இத்தனை பிடிவாதமாகக் கேட்ட ஒருவர் இருந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சிறிது பொறாமைதான்.

மார்ச் 9

ரஷ்ய ஒளிப்படக் கலைஞர் செர்கேய் கோர்ஷ்கோவ் எடுத்த, மரத்தைத் தழுவி நிற்கும் சைபீரியப் பெண்புலியின் படம் என் கேள்வியைக் கவிழ்த்துவிட்டது. படம் பதிவானபோது அவர் அங்கே நிற்கவே இல்லை. அசைவை உணரும் தானியங்கிக் கேமராதான் இருந்தது. முதலில் ஏமாற்றமாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புலி தன் வாசனையை விட்டுச்செல்ல எந்த மரத்தை நாடும் என்பதைத் தடயங்களிலிருந்து படித்தறிந்து, 11 மாதங்களுக்கு மேல் காத்திருந்தவரை அங்கே இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 10

பார்க்க நேரமில்லை.

மார்ச் 14

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) எடுத்த கருப்பு வெள்ளை யானைப் படங்கள். பல கேமராக்களின் உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். வண்ணம் இல்லாததால் தோலின் மடிப்பும் நிற்கும் தோரணையும் முதலில் கண்ணில் படுகின்றன.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். சென்ற மாதம் நான் மனமாரப் பாராட்டிய ஒரு பறவைக் கூட்டின் படத்தை இன்று மறுபடி பார்த்தபோது, கூட்டை மறைத்திருந்த சிறு கிளைகள் வெட்டப்பட்டிருந்தது தெரிந்தது. நமக்குத் தெளிவாகத் தெரியும் குஞ்சு, காகத்துக்கும் பாம்புக்கும் அவ்வாறே தெரியும். என் பாராட்டை நீக்கிவிட்டேன்.

மார்ச் 19

மீனைக் கவ்வியபடி அமர்ந்திருக்கும் மீன்கொத்தியின் படம் ஒன்றை நண்பர் அனுப்பியிருந்தார். "எங்கே நின்றீர்கள்?" என்று மட்டும் எழுதிக் கேட்டேன். நீண்ட பதில் வந்தது. விடியலுக்கு முன்பே இடுப்பளவு நீரில் மறைவுத்திரைக்குப் பின்னால் நின்றாராம். முதல் இரண்டு நாட்கள் பறவையே வரவில்லையாம். மூன்றாம் நாள் வந்தது. "மீனின் தலை வெளிப்பக்கம் நோக்கியிருப்பதைக் கவனித்தீர்களா? தான் விழுங்குவதாக இருந்தால் தலையை உட்பக்கமாகத் திருப்பிக்கொள்ளும். இது யாருக்கோ ஊட்டுவதற்குக் கொண்டுபோகும் மீன். குஞ்சுகள் இருக்கும் வளை அருகில்தான் இருக்கும் என்று புரிந்ததும் இரண்டே படங்களோடு கரையேறிவிட்டேன்," என்று முடித்திருந்தார்.