எக்செல்லில் ஒரு பத்தி

ஆய்வுக்கு வருவதற்கு முன் ஒரு சுரங்க ரயில் திட்டத்தில் வேலை பார்த்தேன். நிலையத்தின் பக்கச் சுவரில் கேபிள் போக ஒரு திறப்பு விட வேண்டும். விடாமலே கான்கிரீட் போட்டுவிட்டோம். திறப்பைக் காட்டிய டிராயிங் சர்வரில் முறையாக ஏற்றப்பட்டுத்தான் இருந்தது. ஃபோர்மேன் கையில் இருந்ததோ அதற்கு முந்தைய ரிவிஷன். வாட்ஸ்அப்பில் வந்ததை ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்திருந்தார். பிறகென்ன, உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் செய்து, கோர் கட்டிங் மெஷினை வைத்துத் துளைத்தோம். அந்தச் சத்தத்தில்தான் என் முனைவர் பட்டத் தலைப்பு பிறந்தது என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான்.

இந்தத் துறையில் விதிகளுக்குக் குறைவில்லை. கட்டுமானத் தகவல்களை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 19650. அதன் முதல் இரண்டு பாகங்கள் 2018 டிசம்பரில் வந்தன. அதன்படி திட்டத்தின் எல்லாக் கோப்புகளும் ஒரே பொதுத் தரவுச் சூழலில், அதாவது எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஒரே கணினிச் சிஸ்டத்தில், இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் நடப்பு வேலை, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகம் என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்க வேண்டும். பிரிட்டன் தன் தேசிய இணைப்பில் குறியீடுகளையும் சேர்த்தது. எஸ்0 என்றால் இன்னும் நடப்பு வேலை, எஸ்1 ஒருங்கிணைப்புக்கு, எஸ்2 தகவலுக்கு, எஸ்3 பார்த்துக் கருத்துச் சொல்ல. எஸ் வரிசையில் இருக்கும் எதையும் வைத்துக் கட்டக் கூடாது. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆகவே மனிதர்கள்தான் மாற மறுக்கிறார்கள் என்று முடிவுகட்டி, ஆய்வு முன்மொழிவில் 'எதிர்ப்பு' என்ற சொல்லைத் தாராளமாகத் தெளித்திருந்தேன்.

அந்தச் சொல்லை உதறவைத்தவர் வேறொரு திட்டத்தின் டாக்குமெண்ட் கன்ட்ரோலர், டிராயிங்குகளையும் ஆவணங்களையும் பதிந்து அனுப்புபவர். நான் போகும்போதெல்லாம் திரையில் ஏதோ ஒன்றைச் சட்டென்று மூடுவார். மூன்றாம் முறை மூடவில்லை. பெரிய எக்செல் ஷீட். டிராயிங் எண், ரிவிஷன், தேதி எல்லாம் சிஸ்டத்தில் இருப்பவைதான். கடைசிப் பத்திக்கு மட்டும் தலைப்பு இல்லை. அதில் இப்படிக் குறிப்புகள்: 'பம்ப் சைஸ் மாறலாம்', 'ஸ்ட்ரக்சர்காரரைக் கேட்காமல் கொடுக்காதே', 'திங்கள்வரை நிறுத்திவை'.

அன்று வெகுநேரம் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த ரிவிஷன் கடைசி என்பதைச் சிஸ்டம் சொல்லிவிடும். அது எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்லாது. சைட்டில் இருப்பவனுக்கு வேண்டியதோ இரண்டாவது செய்திதான். எங்கள் ஃபோர்மேன் வாட்ஸ்அப்பை நம்பியதும் சோம்பலால் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. அதில் அனுப்பியவரின் பெயர் இருக்கும், திருப்பிக் கேட்கலாம்.

ஒப்படைப்புக் கட்டத்திலும் இதே கதைதான். முப்பரிமாண மாடலை, பல மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய பொது வடிவமான ஐஎஃப்சி கோப்பாகவே கொடுத்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. பராமரிப்புப் பொறியாளர் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வால்வை யாருங்க போட்டது?" என்றார். போட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்து, அவர்கள் எப்போதோ போயிருந்தார்கள்.

எனக்கு உற்சாகம். தலைப்பில்லாத அந்தப் பத்தியைச் சிஸ்டத்திலேயே ஒரு கட்டமாகச் சேர்க்கலாம், 'உறுதிநிலை' என்று பெயரும் வைக்கலாம் என்று பரிந்துரை எழுதி, அந்த டாக்குமெண்ட் கன்ட்ரோலரிடமே காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"சிஸ்டத்துல போட்டா யார் போட்டா, எப்ப போட்டான்னு பதிவாயிடும் சார். நாளைக்கு நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் வந்தா அதைத்தான் எடுத்து வைப்பாங்க. 'மாறலாம்'னு எவர் எழுதுவார்? எல்லாரும் 'உறுதி'ன்னுதான் போடுவாங்க."

பொதுத் தரவுச் சூழலின் பெருமையாக நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தது அந்தத் தடப்பதிவைத்தான். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அழியாமல் நிற்கும். அதே காரணத்தால் சந்தேகத்துக்கு அங்கே இடமில்லாமல் போய்விடுகிறது. அது எக்செல்லுக்கும் தொலைபேசிக்கும் டீ நேரப் பேச்சுக்கும் ஒதுங்குகிறது. அழியக்கூடிய குறிப்பு என்று ஒன்றை வைத்தால் தணிக்கை ஒப்புக்கொள்ளாது. வைக்காவிட்டால் எக்செல் போகாது.

நெறியாளர் பரிந்துரை அத்தியாயத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மற்ற பக்கங்களை எஸ்3-இல் அனுப்பிவிட்டேன். அந்த ஒரு பக்கம் இன்னும் எஸ்0-வில்தான் கிடக்கிறது.