அம்மாவின் மெடிகெய்டும் என் சம்பளக் கணக்கும்

அம்மாவுக்கு மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடு) கிடையாது என்று கடிதம் வந்ததும் அண்ணன் போனில் சொன்னது: "விட்டுரு, அரசாங்கத்தோட மல்லுக்கட்ட முடியுமா?" முடியும். அமெரிக்காவில் அது சட்டம் தந்த உரிமை. மறுத்தால் என்ன காரணம், எந்த விதிப்படி, எப்படி மேல்முறையீடு செய்வது என்று கடிதத்திலேயே சொல்லியாக வேண்டும்.

எங்களுக்கு வந்த காரணம் ஒரே வரி: சொத்து வரம்பைத் தாண்டிவிட்டது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானத்தோடு சேமிப்பையும் பார்ப்பார்கள். பல மாநிலங்களில் தனி நபருக்கு 2,000 டாலர்தான் வரம்பு. அம்மாவிடம் அவ்வளவு ஏது? மேல்முறையீடு செய்தோம். அதன் விசாரணைக்கு முன் கேஸ் ஃபைலைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு என்பதால் கேட்டு வாங்கினேன். என் சம்பளம் வந்து விழும் ஜாயின்ட் அக்கவுண்டை அம்மாவுடையது என்று கணக்கில் சேர்த்திருந்தார்கள். எனக்கு ஏதாவது ஆனால் அம்மா திண்டாடக் கூடாது என்று அவர் பெயரைச் சேர்த்திருந்தோம். நம் வீடுகளில் இது சாதாரணம்தானே. ஆனால் கூட்டுக் கணக்கில் இருப்பதெல்லாம் விண்ணப்பித்தவர் பணம் என்றுதான் விதி முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நாம் நிரூபிக்கலாம். அதற்கும் அதே விதியில் இடம் இருக்கிறது.

சம்பளச் சீட்டுகள், வங்கி ஸ்டேட்மென்ட்கள், 'இது மகளின் பணம்' என்று அம்மாவும் நானும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்திட்ட கடிதங்கள், கணக்கிலிருந்து அம்மா பெயரை எடுத்ததற்கான சான்று எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். விசாரணை போனில்தான் நடந்தது. இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தோம். இந்தக் கணக்கிலிருந்து எப்போதாவது பணம் எடுத்திருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். "அது என் பொண்ணு சம்பளம். நான் எதுக்குத் தொடணும்?" என்றார் அம்மா. நான் அடுக்கி வைத்த காகிதங்களைவிட அந்தப் பதில்தான் தெளிவாக இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

மேல்முறையீட்டுக்கு அதிகபட்சம் 90 நாள்தான். சில மாநிலங்களில் அதைவிடக் குறைவு. கடிதத்தில் போட்டிருக்கும் கடைசித் தேதியை முதலில் பாருங்கள். ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருப்பதை நிறுத்துவதாகக் கடிதம் வந்தால், நிறுத்தும் தேதிக்கு முன்பே விசாரணை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் முடிவு வரும்வரை பலன் தொடரும். தோற்றால் அந்தச் செலவை அரசு உங்களிடம் திருப்பிக் கேட்கலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் உங்கள் பகுதியில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள், இந்த மாதிரி வழக்குகளை அவர்கள் எடுப்பதுண்டு.